15 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஹெச்.ஆர். வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் இப்போதெல்லாம் உடனே வருகிற கேள்வி, "ஏஐ வந்தாச்சே, இனி உனக்கு வேலை இருக்குமா?" என்பதுதான். இருக்கும். சொல்லப்போனால் கூடித்தான் இருக்கிறது. லீவு கணக்குப் போடுவது, சம்பளச் சீட்டை அச்சடித்து உறையில் போடுவது, ஃபைலைத் தேடி அலமாரி அலமாரியாக அலைவது எல்லாம் போயே போச்சு, அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடமாட்டேன். 36 மாதச் சுழற்சியில் ஒருவருக்கு இன்னும் எத்தனை நாள் சிக் லீவு பாக்கி என்று கையால் கணக்குப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். யூஐஎஃப் என்கிற வேலையிழப்புக் காப்பீட்டு நிதி வேலைகூட யூஃபைலிங் என்ற இணையதளத்தில் முடிந்துவிடுகிறது (தளம் அன்றைக்குத் திறந்தால்).

எனக்கு உறுத்துவது வேறு. முன்பெல்லாம் ஒருவரை வேண்டாம் என்று தள்ளியது இன்னொரு மனிதர். அவர் சொல்கிற காரணம் பொய்யாகவே இருந்தாலும் ஏன் என்று கேட்க எதிரில் ஓர் ஆள் இருந்தார். இப்போது விண்ணப்பித்த அன்று ராத்திரியே "வருந்துகிறோம்" என்று மெயில் வந்துவிடுகிறது, யார் வருந்துகிறார்கள் என்றுதான் தெரிவதில்லை.

கொஞ்ச நாளைக்கு முன் ஆள் எடுக்கும் மென்பொருள் விற்க ஒருவர் வந்திருந்தார். வேலையின்மை 30 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும் நாட்டில் ஒரு ரிசப்ஷன் வேலைக்குக்கூட நூற்றுக்கணக்கில் சிவி வந்து குவியும், அதனால் இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. திரையில் "அலுவலகத்திலிருந்து தூரம்" என்று ஒரு பட்டை. அதை அவர் 15 கிலோமீட்டருக்கு இழுத்தார், நீளமாக இருந்த பட்டியல் சட்டென்று சுருங்கிவிட்டது. பக்கத்தில் இருப்பவர்கள் லேட்டாக வரமாட்டார்கள், சீக்கிரத்தில் வேலையையும் விடமாட்டார்கள் என்றார். இனம் என்ற கட்டமே இதில் கிடையாது, அதனால் பாரபட்சத்துக்கு இடமே இல்லை என்று பெருமை வேறு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் இது டர்பன். இங்கே எந்த இனத்தார் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதை 1950-ல் வந்த குரூப் ஏரியாஸ் என்ற நிறவெறிச் சட்டம் முடிவு செய்தது. டவுனுக்குப் பக்கத்தில் இருந்த கேட்டோ மேனரிலிருந்து இந்தியர்களான நம்மவர்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள், ஆப்பிரிக்கர்களை குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும். அந்தத் தூரம் யாரும் ஆசைப்பட்டு வாங்கியதில்லை. இப்போது ஆபீஸ்கள் பல நகரத்துக்கு வடக்கே உம்ஷ்லாங்கா பக்கம் போய்விட்டன. அங்கிருந்து 15 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள், ஃபீனிக்ஸ் தப்பிக்கும், உம்லாசியும் சாட்ஸ்வொர்த்தும் வெளியே நிற்கும். உம்லாசிப் பெண் விடியற்காலையில் டாக்சி (பலர் சேர்ந்து போகும் மினிபஸ்) பிடித்து டவுனுக்கு வந்து, அங்கே இன்னொரு டாக்சி மாறித்தான் உம்ஷ்லாங்கா வருவாள், அப்படியும் நேரத்துக்கு வந்துவிடுகிறவர்களை நான் தினம் பார்க்கிறேன். இனம் என்ற கட்டம் எதற்கு, முகவரியே போதுமே!

வேலையில் சமத்துவத்துக்கான 1998-ன் எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி சட்டம் மறைமுகப் பாரபட்சத்தையும் தடுக்கிறது, இனத்தை வைத்து ஒதுக்கினார்கள் என்று ஒருவர் கேஸ் போட்டால் அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கம்பெனிதான். அந்தப் பட்டையை இழுத்தது யார், ஏன் இழுத்தார் என்று அங்கே கேட்பார்கள். மென்பொருள்காரர் வந்து நிற்கமாட்டார், நாம்தான் நிற்க வேண்டும்.

அப்புறம் போப்பியா, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். முழுதாகக் கட்டுப்பட வேண்டும் என்று 2021 ஜூலை 1-ல் ஆன பிறகு, எல்லோரும் அதை ஏதோ ஒப்புதல் படிவச் சமாச்சாரம் என்றே நினைத்துக்கொண்டார்கள். 71-ஆம் பிரிவை யாரும் படிப்பதில்லை. ஒருவரைப் பெரிதாகப் பாதிக்கிற முடிவை வெறும் இயந்திரக் கணிப்பை மட்டும் வைத்து எடுக்கக் கூடாது என்கிறது அது. விலக்குகள் உண்டு, ஆனால் அங்கேயும் அவர் தன் பக்கத்தைச் சொல்ல வழி விட வேண்டும், கணக்கு எப்படிப் போடப்பட்டது என்றும் விளக்க வேண்டும். இதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்திருக்கும் குறுக்குவழி, கடைசியில் ஒரு ஹெச்.ஆர். பெண்ணை உட்கார வைத்து "ஓகே" அழுத்தச் சொல்வது. பட்டியலைத் திறந்துகூடப் பார்க்காமல் அழுத்துவது எந்த ஊரில் மனித முடிவு?

மெஷின் சொன்னதே முடிவு என்பது ஆலைகளில் இன்னும் பச்சையாகத் தெரியும். ஆலைகள் நிறைந்த ஜேக்கப்ஸ் பக்கம் காலை ஷிஃப்டுக்கு விரல் வைத்து வருகை பதிய வரிசையில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வருஷக்கணக்கில் சோப்புத் தண்ணீரிலும் ரசாயனத்திலும் கிடந்த விரல்களில் ரேகையே தேய்ந்திருக்கும், மெஷின் படிக்காது. ஓர் அக்கா விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொண்டு மறுபடி வைப்பார், மறுபடி சிவப்பு விளக்கு, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். மாதக் கடைசியில் அது "தாமதம்" என்று சம்பளத்தில் வந்து விழும்.

தீபாவளிக் கூத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. இங்கே தமிழ் வீடுகளும் ஹிந்தி வீடுகளும் பல வருஷம் வேறு வேறு நாளில் தீபாவளி கொண்டாடுவது ஊருக்கே தெரியும், லீவு மென்பொருளுக்கு மட்டும் ஒரே ஒரு தீபாவளிதான் தெரியும். இது அரசு விடுமுறையும் இல்லை. ஆக, அந்த நாளில் இல்லாமல் முன்தினம் லீவு கேட்கிற நாயுடுவையும் கோவெண்டரையும் அது சந்தேகமாகப் பார்க்கும். கடைசியில் அதை நான்தான் கையால் திருத்துகிறேன், அதனால்தான் வேலை கூடியிருக்கிறது என்றேன்.

வேலை தேடுகிற நம்ம பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். டேட்டா விற்கிற விலையில் காசைக் கொட்டி ஃபோனிலிருந்து சிவி ஏற்றுகிறீர்கள், ஒரு மணி நேரத்தில் "இல்லை" என்று வந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். இந்த முடிவை ஓர் ஆள் எடுத்தாரா, மென்பொருள் எடுத்ததா, எதை வைத்து எடுத்தது என்று நாலு வரி எழுதிக் கேளுங்கள். வந்த மெயிலுக்குப் பதில் போட முடியாது என்றிருந்தால் அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள், போப்பியாவின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும்.