கேட் சாவி யாரிடம் இருக்கிறது?

பள்ளி மைதானத்தில் ஒரு பையன் சுருண்டு விழும் அந்த வீடியோவை நேற்றிலிருந்து பத்துப் பேராவது அனுப்பிவிட்டார்கள். முழுதாகப் பார்க்க முடியவில்லை. யாரும் தள்ளவில்லை, மோதவில்லை. ஓடிவந்த பையன் அப்படியே சரிகிறான். கை கால் வெட்டி இழுக்கிறது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார், இன்னொருவர் சோடா உடைத்து முகத்தில் தெளிக்கிறார். நெஞ்சில் கை வைக்க ஓர் ஆள் இல்லை. "விதி" என்று கமெண்ட் போட்டவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வராதீர்கள்.

ஆடுகிற பிள்ளை திடீரென விழுந்து, தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் இதயம் நின்றிருக்கலாம். அப்போதும் கொஞ்ச நேரம் கை கால் இழுக்கும். வாய் திறந்து திறந்து மூடும், அது மூச்சில்லை. சும்மா நின்றால் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. 108 எவ்வளவு வேகமாக வந்தாலும் முதல் சில நிமிடம் மைதானத்தில் நிற்பவர்கள் கையில்தான். யார் நெஞ்சை அழுத்துவது, யார் 108க்கு அடிப்பது, யார் கேட்டுக்கு ஓடுவது? விசில் ஊதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

2021 ஜூன் 12, கோபன்ஹேகன். யூரோ கால்பந்து ஆட்டத்தின் நடுவே டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் இப்படித்தான் விழுந்தார். புல்தரையிலேயே நெஞ்சை அழுத்தி, இதயத்தை மறுபடி துடிக்க வைக்க மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியால் ஷாக் கொடுத்தார்கள். அடுத்த பிப்ரவரியில் மறுபடி ஆட வந்துவிட்டார்.

"அது ஐரோப்பா, இங்கே காசு ஏது?" என்பீர்கள். கருவி விலை அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த என்ன செலவு? ஆளுயரக் கோப்பைக்கு மட்டும் காசு இருந்ததே.

"பி.டி. சாரைக் குறை சொல்லாதே" என்றும் வருவீர்கள். எனக்கு பி.டி. சார் என்றால் உயிர். பத்தாம் வகுப்பில் 1500 மீட்டர் ஓடும்போது கடைசி வளைவில் என் நண்பன் விழுந்தான். உச்சி வெயில். தொட்டால் உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது. சார் தண்ணீர் டிரம்மை அப்படியே அவன் மேல் கவிழ்த்து, ஈரத் துண்டால் விசிறிக்கொண்டே இருந்தார். வெயில் தாக்கினால் முதலில் உடம்பைக் குளிர வைக்க வேண்டும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. அவருக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் தூக்கிக்கொண்டு ஓடினால் கேட் பூட்டியிருக்கிறது. வாட்ச்மேன் டீ குடிக்கப் போய்விட்டார். சார் செங்கல்லால் பூட்டை அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நண்பன் பிழைத்துவிட்டான்.

இந்த வீடியோவின் கடைசியிலும் கேட்டுக்கு வெளியே சைரன் அலறுகிறது, "சாவி எங்கய்யா?" என்று யாரோ கத்துகிறார். கவனித்தீர்களா?

சனிக்கிழமை என் மகளுக்கு ஜோனல் கோ-கோ. சாவி யாரிடம் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் உட்காரப் போகிறேன். தொல்லை பிடித்த அப்பன் என்பார்கள். சொல்லட்டும்.