ஒரே ரத்தப் பரிசோதனையில் எல்லாப் புற்றுநோயும் தெரியுமா?

“ரத்தம் மட்டும் கொடுங்க, எந்தப் புற்றுநோயும் இல்லன்னு உறுதியாகிடும்” என்ற செய்தி சேலம், ஏற்காடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

இப்படிச் சொல்லி விற்கும் ரத்தப் பரிசோதனைப் பேக்கேஜ்களில் பெரும்பாலும் இருப்பவை சிஇஏ (குடல் புற்று போன்றவற்றுக்கு), சிஏ-125 (சினைப்பைப் புற்றுக்கு), பிஎஸ்ஏ (ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுக்கு) போன்ற ‘டியூமர் மார்க்கர்’கள், அதாவது புற்று இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய பொருள்கள். சிஏ-125-க்கு வழக்கமான வரம்பு 35 யூனிட்/மி.லி. மாதவிடாய், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) இருந்தாலே அது ஏறலாம். மாறாக, முதல் நிலைக் கருப்பைக் குழாய், சினைப்பைப் புற்றில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏறுவதே இல்லை. புகைப்பவருக்குச் சிஇஏ கூடும். சிறுநீர்த் தொற்றில் பிஎஸ்ஏ கூடும். ‘நார்மல்’ என்ற தாளை நம்பிக் கட்டியைக் கவனிக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. பணம் போவதுகூட அப்புறம்தான்.

ஊசி, கத்தி இல்லாத நல்ல வழிகள் உண்டு. கருப்பைவாய்க்கு ஹெச்பிவி (கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கக்கூடிய வைரஸ்) பரிசோதனை: மென்மையான பிரஷ்ஷைப் பெண்ணே பிறப்புறுப்புக்குள் செலுத்தி, சில சுற்று சுழற்றி, குப்பியில் போட்டுத் தரலாம். மாதவிடாய் நாள்களில் எடுக்கக் கூடாது. பாசிட்டிவ் என்றால் வைரஸ் இருக்கிறது, அவ்வளவே. அடுத்த பரிசோதனை தேவை. மருத்துவரோ செவிலியரோ கருப்பைவாயில் 3–5% அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து வெண்திட்டு பார்ப்பது இன்னொரு முறை.

30 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் பரிசோதனைகள் அரசுத் திட்டத்திலேயே உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். புகையிலை மெல்பவருக்கு வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், வயது பார்க்காமல் காட்டுங்கள்.