காது வில்லை மாட்டைப் பின்தொடர்வதில்லை

மாட்டின் காதில் பொருத்தப்படும் மஞ்சள் வில்லையில் ஜிபிஎஸ் கருவி இருப்பதாகவும், மாடு தமிழக-கேரள எல்லையைத் தாண்டிய உடனே உரிமையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து அபராதம் பிடிக்கப்படும் என்றும் பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை பகுதி வாட்சப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. அது உண்மையல்ல.

வில்லையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரு துண்டு பிளாஸ்டிக், சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தால் தெரியும் பட்டைக்கோடு (பார்கோடு), 12 இலக்க எண், அவ்வளவே. மின்கலம் இல்லாத பொருள் தானாக எங்கும் தகவல் அனுப்ப முடியாது. கேரளத்தின் பத்தனம்திட்டாவில் 2022-இல் மாடுகளின் தோலுக்கடியில் சில்லு பொருத்தப்பட்டதே இந்தக் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் அதையும் படிப்பான் கருவியை அருகில் கொண்டுபோனால்தான் படிக்க முடியும்.

வில்லை எண்ணைக் கொண்டு கால்நடை மருத்துவர் ‘பாரத் பசுதன்’ என்ற அரசின் கால்நடைப் பதிவு இணையதளத்தில் கோமாரி தடுப்பூசி, சினை ஊசி, சிகிச்சை, உரிமையாளர் பெயர் ஆகியவற்றைப் பதிவு செய்கிறார். மாடு கைமாறினால் அதுவும் தானாகப் பதிவாகாது. விற்றவரோ வாங்கியவரோ கால்நடை மருந்தகத்தில் சொல்லிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த வதந்தியை நம்பிச் சிலர் சந்தைக்குப் போகுமுன் வில்லையை அறுத்தெறிவது என்னை மிகவும் வருத்துகிறது. காது கிழிந்து புண்ணாவது ஒருபுறமிருக்க, அந்த மாட்டுக்குத் தடுப்பூசி போட்டதா என்பதை வாங்குகிறவர் அறிய வழியில்லாமல் போகிறது. கோமாரி பரவினால், மாடு எந்தத் தொழுவத்திலிருந்து வந்தது என்று தேடிப் பிடிப்பதும் கடினமாகிவிடுகிறது. லாரியில் ஏற்றுவதற்கு மருத்துவரின் உடல்நலச் சான்று தேவை என்பது 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளிலேயே உள்ளது. வில்லையை அறுப்பதால் அந்தக் கடமை நீங்கிவிடாது.