ஆயிரம் வார்த்தை பிடிஎஃப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி, வங்கித் தேர்வு என்று படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளிடம் கெஞ்சிக் கேட்கிறேன். "30 நாளில் 1000 கடினமான ஆங்கில வார்த்தைகள்" என்று விற்கிறவர்கள் பக்கமே போகாதீர்கள்.

இடது பக்கம் வார்த்தை, வலது பக்கம் ஒற்றைச் சொல்லில் அர்த்தம். அவ்வளவுதான் அதில் இருக்கும். நான் வார இறுதியில் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் ஒருத்தி, தமிழ் வழியில் படித்து வந்தவள், படு கெட்டிக்காரி. தனக்குப் பிடித்த தலைமை ஆசிரியரைப் பற்றிய கட்டுரையில் அவரை ‘நொட்டோரியஸ்’ என்று எழுதியிருந்தாள். அவள் வாங்கிய பட்டியலில் அதற்கு நேரே ‘பிரபலமான’ என்று மட்டும் போட்டிருந்தது. மோசடிப் பேர்வழிக்கும் கொள்ளைக்காரனுக்கும் சொல்கிற வார்த்தை அது! நல்ல விதத்தில் புகழ்பெற்றவர் என்று சொல்ல ‘ரினௌண்ட்’ என்று எழுதியிருக்க வேண்டும். அவளை எப்படிக் குறை சொல்வது? காசு வாங்கிக்கொண்டு பாதி அர்த்தத்தைக் கொடுத்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

ஒரு வார்த்தை எதோடு சேரும், எதோடு சேராது என்பது தெரிந்தால்தான் அது நம்முடையது. ‘மிட்டிகேட்’ என்றால் தணிப்பது, குறைப்பது. அதற்காகக் கடைக்காரர் விலையை மிட்டிகேட் செய்தார் என்று எழுத முடியாது. ஆபத்து, பாதிப்பு, வெள்ளச் சேதம், இவற்றோடுதான் அது வரும்.

எஸ்எஸ்சியில் இன்னும் ஒருபொருள் சொல், எதிர்ச்சொல் நேரடியாகக் கேட்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பத்தியில் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியும் அதே தாளில்தான் வருகிறது. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வில் 2011-லேயே எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்துக்குள் வைத்துத்தான் கேட்கிறார்கள்.

பட்டியல் இல்லாமல் முடியவே முடியாது என்பவர்கள், மொழியியல் ஆய்வாளர் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட கல்விச் சொல் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே வேர்ச்சொல்லிலிருந்து கிளைத்த வார்த்தைகளின் தொகுப்புகள். பாடநூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் அலசி எடுத்தவை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

மற்றபடி தினமும் ஒரு ஆங்கிலத் தலையங்கம் படியுங்கள். அதிலிருந்து நாலைந்து வார்த்தை போதும். அது வந்த முழு வாக்கியத்தையும் நோட்டில் எழுதி, கீழே உங்கள் ஊரைப் பற்றி, உங்கள் வீட்டைப் பற்றிச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள். படித்ததில் பெரும்பகுதி முதல் சில நாளிலேயே மறந்துபோகும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னைத்தானே சோதித்துக் காட்டிவிட்டார். அதனால் மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, மாதம் முடிந்ததும் ஒரு தடவை அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

எழுதிய வாக்கியம் சரியா என்று சந்தேகம் வந்தால் கமெண்டில் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.