அந்த நாயை ஏன் சுடுகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் நம் குழு படம் போட்டபோது என்ன நடந்தது என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கு இந்நேரம் கைகால் வைத்துப் போய்ச் சேர்ந்திருக்கும். நான் கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போய்விட்டேன் என்று ஒரு பேச்சு ஓடுகிறதாம். போகவில்லை. கடைசிப் பெயர் திரையில் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். எழுந்து போனது மற்றவர்கள். நான் இதை எழுதுவதே அதனால்தான்.

இரண்டு படம் போடுவதாக ஏற்பாடு. ஜான் கார்பென்டர் 1982இல் எடுத்த 'தி திங்' என்ற வேற்றுக்கிரக ஜந்துத் திகில் படம். அதற்கு முன்கதையாக 2011இல் வந்த 'தி திங்'. ஆமாம், இரண்டுக்கும் ஒரே பெயர். அப்பா பெயரையே பிள்ளைக்கும் வைத்துவிட்டு, கூப்பிட்டால் யார் திரும்புவது என்று அவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். பழையது முதலில், புதியது பிறகு என்று ஒரு வாரமாகச் சொல்லி வைத்திருந்தேன். மாடிக்குப் போனதும் தம்பி சொல்கிறார்: "அண்ணே, கதை வரிசைப்படி போட்டுருவோம். முதல்ல நடந்தது முதல்ல." கை தூக்கச் சொன்னார்கள். பதினான்கு பேரில் பதினொரு கை. சரி, பெரும்பான்மை. நானும் தலையாட்டிவிட்டு புரொஜெக்டரை ஓடவிட்டேன்.

முன்கதை முடிந்தது. டீ வந்தது. டீ முடிந்ததும் எட்டுப் பேர் செருப்பைத் தேடினார்கள். "கதைதான் தெரிஞ்சுபோச்சே அண்ணே." மீதி இருந்தவர்கள் பழைய படத்தில், மருத்துவர் மின்னதிர்ச்சி கொடுக்கப்போக, படுத்திருப்பவரின் நெஞ்சே வாயாகப் பிளந்து அவர் கைகளைக் கவ்வும் இடத்தில் சிரித்தார்கள். அறுந்த தலை சிலந்திக்கால் முளைத்து ஊர்ந்து போகும்போது இன்னும் சத்தமாக. "ரப்பர் பொம்மை!"

சிரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. (இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.) கதை வரிசை என்று சொன்னீர்களே, அதைத்தான் கேட்கிறேன். யாருடைய கதையின் வரிசை அது?

1982 படம் எப்படித் தொடங்குகிறது? அண்டார்க்டிகா. கண்ணுக்கு எட்டியவரை பனி. ஒரு நாய் ஓடி வருகிறது. பின்னால் நார்வேக்காரர்களின் ஹெலிகாப்டர். அதிலிருந்து ஒருவன் நாயைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டே வருகிறான். நாய் அமெரிக்க முகாமுக்குள் வந்து ஒருவர் மேல் தாவி முகத்தை நக்குகிறது. நார்வேக்காரன் இறங்கி ஏதோ கத்துகிறான், சுடுகிறான், குண்டு ஒரு அமெரிக்கர் காலில் படுகிறது. முகாம் தலைவர் சன்னலை உடைத்து அவனைச் சுட்டுத் தள்ளுகிறார். நாய்க்குத் தலையைத் தடவிக் கொடுக்கிறார்கள். நாமும் மனசுக்குள் தடவிக் கொடுக்கிறோம். பாவம், வாயில்லா ஜீவன்.

அந்த நாயை ஏன் சுடுகிறார்கள்? முதல் அரைமணி நேரப் படத்துக்கு இந்த ஒரு கேள்விதான் மூச்சு. அந்த நாய் சத்தமே இல்லாமல் நடைவழியில் நடந்து போய் ஓர் அறைக்குள் எட்டிப் பார்க்கிறது. உள்ளே சுவரில் ஒரு மனித நிழல் திரும்புகிறது. அவ்வளவுதான், காட்சி இருண்டுவிடுகிறது. யாருடைய நிழல் என்று படம் சொல்லவில்லை. இத்தனைக்கும் அங்கே ரத்தம் இல்லை, ரப்பர் இல்லை, சத்தம் இல்லை. நடிப்பு முழுவதும் ஜெட் என்ற அந்த ஓநாய்க் கலப்பு நாயுடையது. வால்கூட ஆட்டாது.

முன்கதையை முதலில் பார்த்தவனுக்கு இதில் என்ன மிச்சம்? நாய் யாரென்று தெரியும். துரத்துகிறவன் பெயர்கூடத் தெரியும். அப்புறம் அந்த நடைவழிக் காட்சி வெறும் நாய் நடக்கிற காட்சி. 'மெதுவா போகுதுண்ணே' என்றார் ஒருவர். போகத்தானே செய்யும்? ஓட வைத்த கேள்வியை நீங்கள் டீக்கு முன்னாலேயே கழட்டி எடுத்துவிட்டீர்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். அந்த நார்வேக்காரன் கத்துவது வெறும் உளறல் இல்லை. அது நாய் இல்லை, நாய் மாதிரி நடிக்கும் ஏதோ ஒன்று, விலகிப் போங்கள் என்றுதான் கத்துகிறான். நார்வே மொழி தெரிந்தவர்களுக்கு முதல் பத்து நிமிடத்திலேயே கதை உடைந்துவிடும். பாவம் அந்த நாட்டுக்காரர்கள், வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை நம் மாடியில் பதினோரு பேர் விரும்பிக் கை தூக்கி நார்வேக்காரர்கள் ஆனார்கள்.

நார்வே முகாமுக்கு அமெரிக்கர்கள் போகும் காட்சியும் அப்படித்தான். எரிந்து கிடக்கும் இடம். கதவில் சொருகியிருக்கும் கோடரி. நாற்காலியில் உட்கார்ந்தபடி தன்னைத்தானே அறுத்துக்கொண்டு உறைந்துபோன மனிதன், அவன் ரத்தமும் உறைந்து தொங்குகிறது. குடைந்தெடுத்த பனிக்கட்டிப் பாளம். வெளியே பாதி எரிந்த, இரண்டு முகம் ஒட்டிக்கொண்ட ஓர் உடல். எதையும் யாரும் விளக்குவதில்லை. இங்கே என்ன நடந்திருக்கும் என்று நாம்தான் தலைக்குள் ஒரு படம் ஓட்டிக்கொள்கிறோம். நான் வருடக்கணக்கில் ஓட்டிய படம் ஒன்று இருந்தது. 2011இல் வந்து, இந்தா கோடரிக்கு ஒரு காரணம், இந்தா இரண்டு முகத்துக்கும் ஆளுக்கொரு பெயர், இந்தா நாற்காலிக்காரர் இன்னார் என்று ரசீது போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கணக்கு நேராகிவிட்டது. பயம் எங்கே?

தெரியும், உடனே வந்து சொல்வீர்கள்: "1982 படமே ரீமேக்தானே?" ஆமாம். இதைச் சொல்லிவிட்டு வெற்றிச் சிரிப்பு சிரிப்பவர்களுக்காகவே பொறுமையாகச் சொல்கிறேன். ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் 1938இல் ஒரு குறுநாவல் எழுதினார். 1951இல் கிறிஸ்டியன் நைபி இயக்க, ஹோவர்டு ஹாக்ஸ் தயாரிப்பில் அது படமானது. அதில் வேற்றுக்கிரக உயிர் ஒரு நெட்டையான தாவர மனிதன். கதையின் உயிர்நாடியே அது யாரை வேண்டுமானாலும் அச்சு அசலாகப் போலி செய்யும் என்பது. அதையே விட்டுவிட்டார்கள். கார்பென்டருக்கு அந்த 1951 படத்தின் மேல் அவ்வளவு பாசம். 1978இல் அவர் எடுத்த 'ஹாலோவீன்' படத்தில் குழந்தைகள் தொலைக்காட்சியில் பார்ப்பது அதைத்தான். அப்படிப் பாசம் வைத்தவர் அதையே திருப்பி எடுக்கவில்லை, மூலக்கதைக்குப் போய், விடுபட்டதை எடுத்து வந்தார். உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அவன்தானா என்ற சந்தேகம். அந்த ஒன்றை வைத்து முழுப்படம். ரீமேக் செய்யாதே என்று நான் எங்கே சொன்னேன்? செய்தால் புதிதாக ஒன்றைக் கேள். ஏற்கெனவே கேட்டதற்குப் பதில் எழுதாதே.

"2011 படத்தில் எதுவுமே நல்லா இல்லையா?" இருக்கிறது. பற்களை அடைத்த உலோகத்தை அந்த ஜந்துவால் போலி செய்ய முடியாது என்று கண்டுபிடித்து, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பது நல்ல யோசனை. மேரி எலிசபெத் வின்ஸ்டெட் நன்றாகவே நடித்தார். போதுமா?

அப்புறம் ரப்பர் பொம்மைக்கு வருகிறேன். அந்தப் பொம்மைகளைச் செய்தவர் ராப் போட்டின். படப்பிடிப்பு நடந்தபோது வயது 22. ஒரு வருடத்துக்கு மேல், ஸ்டுடியோவிலேயே படுத்து எழுந்து, விடுப்பே எடுக்காமல் வேலை செய்து, கடைசியில் உடம்பு தாங்காமல் மருத்துவமனையில் சேர்ந்தார். நாய்க்கூண்டுக் காட்சியை மட்டும் கைகொடுக்க வந்த ஸ்டான் வின்ஸ்டன் செய்தார், இது போட்டினின் படம் என்று தன் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளவும் இல்லை. 2011 படத்துக்கும் கையால்தான் செய்தார்கள் தெரியுமா? அலெக் கில்லிஸும் டாம் உட்ரஃபும் மாதக்கணக்கில் உழைத்து இயந்திர பொம்மைகள் செய்து, அவற்றை வைத்துப் படமும் எடுத்து முடித்த பிறகு, பெரும்பாலானவற்றின் மேல் கணினி வரைகலையைப் பூசி மறைத்துவிட்டார்கள். மனசு வெறுத்து அவர்கள் ஊராரிடம் நிதி திரட்டி, முழுக்கக் கையால் செய்த ஜந்துகளோடு 'ஹார்பிங்கர் டவுன்' என்று 2015இல் தனியே ஒரு படம் எடுத்தார்கள். அது சுமாரான படம்தான், மறைக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை யாரும் சிரிக்காத அந்தக் கணினி ஜந்துக்கு அடியில் இரண்டு மனிதர்களின் உழைப்பு புதைந்து கிடக்கிறது. எனக்கு அதுதான் திகில்.

"உங்களுக்குச் சின்ன வயசு ஞாபகம் அண்ணே, அதான் பிடிக்குது." குழுவில் இதை எழுதிய தம்பிக்கு: ஆமாம், ஞாபகம்தான். என்ன தப்பு?

திண்டுக்கல்லில் சித்தப்பா வீடியோ கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். நான் எட்டாம் வகுப்பு. முழுப்பரீட்சை லீவு. கடை சாத்திய பிறகு, யாரும் வாங்கிப் போகாத ஆங்கிலப் படங்களை நாங்கள் இருவரும் பார்ப்போம். சப்டைட்டில் கிடையாது. எனக்கு ஆங்கிலம் தெரியாது. அவருக்கும் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. கதை சொல்லிக்கொண்டே வருவார், பாதி அவராகச் செய்தது. இந்தப் படத்துக்கு மட்டும் அவரால் செய்ய முடியவில்லை. "சித்தப்பா, நாயை ஏன் சுடுறாங்க?" என்று கேட்டேன். "தெரியலடா. பாப்போம்" என்றார்.

ரத்தப் பரிசோதனை வந்தது. யார் அந்த ஜந்து என்று கண்டுபிடிக்க எல்லோரையும் கட்டிப்போட்டு, ஒவ்வொருவர் ரத்தத்திலும் கதாநாயகன் கர்ட் ரஸ்ஸல் சுடச்சுடக் கம்பியை வைக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று. மின்சாரம் போய்விட்டது. இரண்டு மணி நேரம் வரவில்லை. சித்தப்பா சிம்னி விளக்கை ஏற்றிக்கொண்டு வந்தார். கீழிருந்து அடித்த வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்தேன். "சித்தப்பா, நீங்க சித்தப்பாதானா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ யாருடா?" என்றார். நான் அழுதுவிட்டேன் என்று சாகும்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கடைசியாகப் படுத்திருந்தபோது ஸ்கேன் முடிவு வந்த நாள். "என்னடா சொல்றாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். "தெரியல சித்தப்பா. பாப்போம்" என்றேன்.

எங்கேயோ போய்விட்டேன். சரி.

என்ன சொல்ல வந்தேன்? விளக்கம். இப்போது எதுவும் விளங்காமல் இருக்கக் கூடாது என்று ஒரு வெறி பிடித்திருக்கிறது. பேய்க்குப் பிறந்த தேதி வேண்டும், கொலைகாரனுக்குச் சோகமான பால்யம் வேண்டும். 1973இல் வந்த 'எக்ஸார்சிஸ்ட்' பேய்ப் படத்துக்கு முன்கதை எடுத்த அழகு தெரியுமா? இயக்குநர் பால் ஷ்ரேடர் ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். தயாரிப்பாளர்களுக்குத் திருப்தியில்லை. அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, ரென்னி ஹார்லினை வைத்து ஏறக்குறைய முழுதாகத் திருப்பி எடுத்து 2004இல் வெளியிட்டார்கள். அது தேறவில்லை என்றதும் 2005இல் ஷ்ரேடருடையதையும் இறக்கினார்கள். ஒரே பாதிரியார், ஒரே நடிகர் ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கார்டு, ஒரே முன்கதை, இரண்டு படம். அந்தப் பாதிரியார் மூல படத்தில் பனிமூட்டத்தில் விளக்குக்கம்பத்தின் கீழ் வந்து நிற்பார் இல்லையா? அவர் முன்பு எங்கே இருந்தார் என்று யாராவது அழுதார்களா?

"எல்லா முன்கதையும் மோசமா? 2024இல் வந்த 'தி ஃபர்ஸ்ட் ஓமன்'?" அது நன்றாக இருந்தது. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். பேசாமலும் விடலாம்.

"1982 படமும் ஓடவில்லையே?" ஓடவில்லை. ஜூன் 25ஆம் தேதி வந்தது. இரண்டு வாரம் முன்னால் வந்த ஈ.டி. என்ற அன்பான வேற்றுக்கிரகவாசியோடு ஊரே கொஞ்சிக்கொண்டிருந்தது. விமர்சகர்கள் காறித் துப்பினார்கள். என்னியோ மோரிகோனியின் இசையை அந்த வருடத்தின் மோசமான இசைக்கான கேலி விருதுக்குப் பரிந்துரைத்தார்கள். அந்தப் படத்தில் பயன்படாமல் மிஞ்சிய சில துண்டுகளை மோரிகோனியே 2015இல் 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படத்தில் சேர்த்தார். அந்தப் படத்தின் இசைக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். கார்பென்டருக்கோ அடுத்து எடுக்கவிருந்த படம் கைவிட்டுப் போனது. 2011 படமும்தான் போட்ட 3.8 கோடி டாலரை வசூலில் எட்டவில்லை, ஆனால் இரண்டு தோல்வியும் ஒன்றில்லை. ஏன் என்று கேட்டால் என்னால் நிரூபிக்க முடியாது. 2040இல் யாராவது ஒரு மாடியில் அதற்காகச் சண்டை போடுகிறார்களா என்று பாருங்கள்.

சிரித்ததில் வருத்தம் இல்லை என்று மேலே எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கோபம் இருக்கிறது. பழைய படம் என்று சிரிக்கவில்லை, ஏற்கெனவே பதில் தெரிந்தவர்களாக உட்கார்ந்திருந்ததால் சிரித்தீர்கள். கடைசிக் காட்சியில் எரியும் முகாமில் இரண்டு பேர் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யார் மனிதன், யார் அது என்று தெரியாமலே படம் முடிகிறது. விளக்கைப் போட்டதும் ஒரு தம்பி, "இதுக்கு அடுத்த பாகம் எப்பண்ணே?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் வயர் சுற்றினேன். அதைத்தான் 'மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்' என்கிறார்கள் போல.

அடுத்த மாதம் 'ஏலியன்' வரிசையாம். 1979 படத்துக்கு முன் 2012இல் வந்த முன்கதையைப் போடுவதாகக் குழுவில் வாக்கெடுப்பு ஓடுகிறது, பார்த்தேன். தாராளமாகப் போடுங்கள். நீட்டிப்பு வயர், ஸ்பீக்கர் இரண்டும் தம்பியுடையவை. மாடி வீட்டுக்காரருடையது. புரொஜெக்டரும் அந்த வெள்ளை விரிப்பும் என் வீட்டில் இருக்கின்றன, இங்கேயே இருக்கும்.