அது சிரிக்கவில்லை

அந்தப் பச்சோந்தி ரீலை எனக்கு இன்னும் அனுப்பாதவர்கள் யாராவது பாக்கி இருந்தால், தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். "உன் ஆளு வைரலாயிட்டான் பாரு" என்று கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மையோடு வந்ததையும் பார்த்தேன். அதன் கீழே நான் எழுதிய நாலு வரிக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று நீங்களும் படித்திருப்பீர்கள்.

பெங்களூரில் வைட்ஃபீல்ட் பக்கம் ஏதோ ஒரு ஃபிளாட். விரல் நீளம்கூட இல்லாத பச்சோந்திக் குட்டி. சிவப்புத் துணி, மஞ்சள் துணி, நீலத் துணி என்று ஒவ்வொன்றாக விரித்து அதைத் தூக்கித் தூக்கி வைக்கிறார்கள். அது கறுத்துப்போய், தொண்டையை உப்பிக்கொண்டு வாயைப் பிளக்கிறது. "சிரிக்குது பாருங்க மக்களே!"

சிரிக்கவில்லை மக்களே. "கிட்ட வந்தால் கடிப்பேன்" என்கிறது. உடம்பில் வேறு ஆயுதம் இல்லாததால் வாயைத் திறந்து காட்டுகிறது. அடுத்து குத்துப்பாட்டு போட்டு "டான்ஸ் ஆடுது" என்றீர்களே, அதுவும் டான்ஸ் இல்லை. காற்றில் ஆடும் இலை என்று நினைத்து விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் முன்னும் பின்னும் அசைகிறது. பாவம், அதற்கு ரீல் என்றால் என்னவென்று தெரியாது.

நான் அங்கே எழுதியது ஒன்றே ஒன்றுதான். கையில் எடுக்காதீர்கள். இங்கேயும் அதையேதான் எழுதப்போகிறேன்.

துணிக்குத் தகுந்தபடி அது நிறம் மாறாது. ஜெனிவா பல்கலைக்கழகத்துக்காரர்கள் மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தியை வைத்து 2015லேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். தோலில் இருக்கும் குவானின் என்ற வேதிப்பொருளின் நுண்ணிய படிகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி கூடக்குறைய, பட்டுத் திரும்பும் ஒளி மாறுகிறது. கோபம், பயம், எதிரி, இணை, வெயில் இதற்கெல்லாம் மாறும். உங்கள் துப்பட்டாவுக்கு மாறாது. அந்தக் கறுப்பு பயத்தின் நிறம். முப்பது நொடி முழுக்க அந்த ஒரே நிறம்தான், கீழே ஆயிரக்கணக்கில் இதயம்.

"பெரிய மேதாவி, நீ எப்படி வளர்க்கிறாயாம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சொல்கிறேன். ஜீவன்பீமா நகரில் எங்கள் வீட்டில் இருப்பவன் பெயர் பரமு. ஏமன், சவூதிப் பக்கத்து வகை. வரும்போதே பின்னங்காலில் குதிகால் பக்கம் குட்டி முள் இருந்தது, அதனால் ஆண் என்று தெரியும். வலைக்கூண்டு. தனியாக. ரீலில் பின்னால் கண்ணாடித் தொட்டியில் ரெண்டு குட்டிகளை "ஜோடி" என்று அடைத்திருக்கிறார்களே, அது ஜோடி இல்லை, ஒன்றையொன்று பார்த்துப் பயந்தே தேயும். தொட்டியில் கிண்ணம் நிறையத் தண்ணீர் வேறு. பச்சோந்தி பெரும்பாலும் கிண்ணத்தில் குடிக்காது, தேங்கிய தண்ணீரை அது தண்ணீராகவே எடுத்துக்கொள்ளாது. காலையில் விளக்கு போட்டதும் இலைகளில் நீர் தெளிப்பேன். பரமுவின் ஒரு கண் என் மேல், இன்னொரு கண் இலை நுனியில் திரளும் சொட்டின் மேல். நான் நாலடி தள்ளிப் போகும்வரை அசைய மாட்டான். போன பிறகு மெதுவாக வந்து அந்தச் சொட்டை நக்குவான், அடுத்த சொட்டு திரளும்வரை அங்கேயே காத்திருப்பான். அவ்வளவுதான் எங்களுக்குள் உள்ள பழக்கம். எனக்கு அது போதும்.

சாப்பாட்டுக்குக் கிரிக்கெட் பூச்சி. ரெண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி குட்டிக்கு ஆகாது. பூச்சிக்குக் கேரட்டும் கீரையும், பிறகு அதைக் கால்சியம் பொடியில் புரட்டி இவனுக்கு. பூச்சி டப்பா சமையலறை மேடைக்குக் கீழே. ராத்திரி முழுக்க ரீங்காரம். கும்பகோணத்திலிருந்து வந்த என் மாமியார் முதல் நாள் வீட்டில் பாம்பு புகுந்துவிட்டது என்று எழுந்து உட்கார்ந்தார். இப்போது அவரே கீரைக்காம்பை எடுத்து வைக்கிறார்.

யூ.வி.பி. என்ற புற ஊதாக் கதிர் தரும் குழல்விளக்கைப் பற்றி எழுதினால் "பில்டப்" என்கிறீர்கள். அந்தக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வராது. குழல் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கதிர் தீர்ந்துவிடும். மாற்றாவிட்டால் எலும்பு இளகிவிடும். தெரிந்த ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன். கடைக்காரர் "கலர் பல்பு போதும் மேடம்" என்றாராம். குட்டியின் முன்கால் ரெண்டும் முழங்கையில் வளைந்து, கிளையைப் பிடிக்க முடியாமல் வயிற்றால் இழுத்துக்கொண்டு போனது. "நல்லா சாப்பிடுதே" என்றார்கள். அதன் தாடை ஒரு பக்கம் தொங்கியது.

சரி, ஆட்சேபங்களுக்கு வருவோம்.

"நீயும் கூண்டில்தானே வைத்திருக்கிறாய்?" ஆமாம். அடைப்பில் பிறந்தவனை ஏமனில் கொண்டுபோய் விட்டுவிட்டு வரவா? அடுத்தது.

"ஒரு ஓணானுக்கு இவ்ளோ சீனா?" இதற்குத்தான் எத்தனை லைக்! முதலில், அது ஓணான் இல்லை. அடுத்து, ஓணானாக இருந்தாலும் நான் இதையேதான் எழுதியிருப்பேன். நம் ஊரில் ஓணானைக் கல்லால் அடித்து, சுருக்குப் போட்டுப் பிடித்து, வாயில் மூக்குப்பொடி வைத்து வளர்ந்த தலைமுறை அப்படித்தான் கேட்கும். அதைச் சின்ன வயது வீரம் என்று எழுதி நினைவேக்கம் வேறு. அப்புறம் கோலார் பக்கத்து அண்ணன் ஒருவர் "எங்க தோட்டத்துல நிறைய இருக்கு, பிடிச்சுத் தரேன்" என்று ரீலுக்குக் கீழே கடை விரித்திருக்கிறார். அண்ணா, நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972 வனவுயிர் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு வகையையும் 2024லிருந்து மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நான் செய்திருக்கிறேன். கேட்டால் காட்டுவேன். ரீல்காரரிடம் யாரும் கேட்கவில்லை.

"கொஞ்சினால்தானே பாசம்?" இதை எழுதியது என் பெரியப்பா. "விட்டுத் தள்ளும்மா, ஒரு பிராணிதானே, குழந்தைகள் சந்தோஷப்படுதுங்க" என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

பெரியப்பா, உங்களுக்குப் பொதுவிலேயே பதில் சொல்கிறேன், நீங்களும் பொதுவில்தானே சொன்னீர்கள். அல்சூர் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என்னைத் தூக்கி ஸ்டூல் மேல் நிறுத்துவீர்கள். "அங்கிளுக்குக் குறள் சொல்லு." வராது. தொண்டை அடைக்கும். பாவாடை நுனியை வாயில் வைத்துக்கொள்வேன். "வெக்கத்தைப் பாரு, முகம் எப்படி சிவக்குது பாரு" என்று எல்லோரும் சிரிப்பீர்கள். யாரோ கன்னத்தைக் கிள்ளுவார்கள். எனக்கு அது வெட்கம் இல்லை. அப்போது சொல்லத் தெரியவில்லை, சொல்லியிருந்தாலும் அதையும் சொல்லச் சொல்லி ரசித்திருப்பீர்கள். அத்தனை பேரும் என் மேல் பாசமானவர்கள்தான், நான் மறுக்கவில்லை. இறக்கிவிட மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இது பச்சோந்திப் பதிவு, எங்கேயோ போகிறேன் என்று தெரிகிறது. போகட்டும்.

இன்பாக்ஸில் "எங்க கிடைக்கும், எவ்ளோ ஆகும்" என்று கேட்பவர்களுக்கு: சொல்ல மாட்டேன். "பொறாமை" என்று எழுதிய தம்பிக்கு: ஆமாம்ப்பா, பொறாமைதான், உனக்கு எப்படி இவ்வளவு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது என்று. அந்த ரீல்காரர் இதைப் படித்தால், அந்த ரெண்டையும் இன்றைக்கே பிரித்து வையுங்கள், கிண்ணத்தை எடுத்துவிட்டு இலையில் தண்ணீர் தெளியுங்கள். விளக்கு எது வாங்குவது என்று கேட்டால் சண்டையை மறந்துவிட்டுச் சொல்கிறேன். பெரியப்பா, ஃபோன் பண்ண வேண்டாம். பொங்கலுக்கு வருவேன், அப்போது பேசிக்கொள்ளலாம்.