இ-பாஸ் பற்றி ஊரே பேசுகிறது, இலை விலை பற்றி யார் பேசுவது?

ஏப்ரல் பிறந்தால் நீலகிரியில் இரண்டு காரியம் தவறாமல் நடக்கும். பர்லியாறிலிருந்து குன்னூர் வரை வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சாக்கிட்டு மலைக்கு மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் முகநூலில் முட்டிக்கொள்வார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல், மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி வந்தது. 2025இல் சீசன் மாதங்களுக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டி என்று அளவும் வைத்தார்கள். வியாபாரிகள் கடையடைத்தார்கள். ஒரு பக்கம் 'மலையைக் காப்பாற்றுங்கள்' என்று பதிவு, இன்னொரு பக்கம் 'எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள்' என்று பதிவு.

இவ்வளவு சண்டையிலும் இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். நீலகிரி டூரிஸ்ட்டை நம்பித்தான் பிழைக்கிறதாம். எனக்குத் தகராறே அதில்தான்.

ஊட்டி டவுனுக்கு அது பொருந்தும். சேரிங்கிராஸில் வர்க்கியும் சாக்லேட்டும் விற்கிறவருக்கும், வாடகைக் கார் ஓட்டுகிற பையனுக்கும் ஏப்ரலும் மேயும்தான் வருடம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோத்தகிரி, மஞ்சூர், குந்தா பக்கம் வந்து பாருங்கள். அங்கே அடுப்பு எரிவது பச்சைத் தேயிலையில். கேத்தி பாலாடா, நஞ்சநாடு, முத்தோரை என்றால் கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, பூண்டு. அருவங்காடு, வெலிங்டன் பக்கம் வெடிமருந்துத் தொழிற்சாலைச் சம்பளம், ராணுவச் சம்பளம், அப்புறம் பென்ஷன். இந்த ஊர்களில் பாதிப் பேருக்கு டூரிஸ்ட் என்றால் ரோட்டை மறித்துக்கொண்டு செல்ஃபி எடுக்கிற ஆள், அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது இது: மலைச்சரிவில் டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விடுகிற காட்டேஜ் முளைப்பதற்கு வண்டிகளின் எண்ணிக்கையைவிடப் பெரிய காரணம் இலை விலை, அதாவது பச்சைத் தேயிலைக்கு விவசாயிக்குக் கிடைக்கும் விலை. இலை விலை படுத்தால் தோட்டம் விற்பனைக்கு வரும். தோட்டம் விற்பனைக்கு வந்தால் காட்டேஜ் வரும். இ-பாஸ் போட்டு வண்டியைக் குறைக்கலாம். ஆனால் விற்ற தோட்டம் திரும்பி வருமா?

கணக்கைப் பார்ப்போம். எங்களுக்கு கோத்தகிரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் இருக்கிறது, அதனால் இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். தூள் விற்ற விலையில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு பேக்டரிக்கு என்பது தேயிலை வாரியத்தின் சூத்திரம். குன்னூர் ஏலத்தில் தூள் கிலோ 100 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 65 ரூபாயை நாலரையால் வகுத்தால் இலைக்குக் கிலோ 14 ரூபாய் சொச்சம். அந்தப் பதினாலில் பறிப்புக் கூலி, உரம், மருந்து, இலை ஏற்றுகிற வண்டிக்குக் காசு. மழை பிடித்தால் இலையில் தண்ணீர் என்று எடையில் கழிவு. சில வருடங்களுக்கு ஒருமுறை கவாத்து வெட்ட வேண்டும், வெட்டினால் சில மாதத்துக்கு இலை கிடையாது. தன் இலைக்கு இந்த மாதம் என்ன விலை என்று மாதம் முடிந்த பிறகுதான் தெரிந்துகொள்கிற விவசாயியை வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா? கொடுத்துவிட்டு விலை கேட்கிற வியாபாரம் இது.

விலை இல்லாததால் பறிப்புக்கு ஆள் இல்லை. ஆள் இல்லாததால் கொழுந்து கிள்ளுகிற இடத்தில் கத்தரியும் மெஷினும் வந்துவிட்டன. மெஷின் கொழுந்தையும் எடுக்கும், முற்றின இலையையும் காம்பையும் சேர்த்து எடுக்கும். அந்த இலையில் தூள் சுமாராகத்தான் வரும், சுமாரான தூளுக்கு ஏலத்தில் சுமாரான விலைதான் கிடைக்கும். செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடம். எங்கள் பக்கம் பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். இலை பறிப்பதும் கேரட் பிடுங்குவதும் இப்போது ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். அவர்கள் இல்லையென்றால் பாதித் தோட்டம் காடாகிவிடும் என்பதே உண்மை. அவர்களைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறவர்கள் ஒரு நாள் அட்டைக்கடியில் நின்று பறித்துப் பார்க்கட்டும்.

இந்த நிலைமையில் புரோக்கர் வருவார். 'அண்ணா, ரோட்டோரம் உங்களுக்குப் பதினஞ்சு செண்ட் இருக்காமே, வியூ நல்லா இருக்குன்னு பார்ட்டி கேக்கறாங்க' என்பார். இலைக்குக் கிலோ என்ன விலை என்று கேட்க ஆளில்லாத ஊரில், வியூவுக்கு செண்ட் கணக்கில் விலை. மகளுக்குக் கல்யாணம், பையனுக்குக் காலேஜ் பீஸ் என்று நிற்கிற மனிதர் எத்தனை நாள் 'முடியாது' என்பார்? அவரைப் பேராசைக்காரர் என்று திட்டிப் பதிவு போடுகிறவர்கள் பாதிப்பேர் மாதச் சம்பளக்காரர்கள்.

வாங்குகிறவர் பெரும்பாலும் கீழே இருந்து வருகிறவர். ஜேசிபி வைத்துச் சரிவை வெட்டி, கண்ணாடிச் சன்னல் வைத்து, ஆன்லைனில் போட்டுவிடுவார். நிலம் விற்றவருடைய பையன் அங்கேயே ரூம்பாயாகச் சேர்வதும் உண்டு. மாஸ்டர் பிளான், மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம் என்று சட்டத்துக்குப் பஞ்சமில்லை. சட்டத்தை வளைத்துக் கட்டத் தெரிந்தவர்களுக்கும்தான்.

இது தேயிலையோடு தொடங்கியதும் இல்லை. இந்த மலை எப்போதுமே ஏதாவது ஒன்றை மட்டும் நம்பி ஓடி, அது போனதும் தடுமாறி, அடுத்ததைப் பிடித்துத்தான் வந்திருக்கிறது. 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறி வந்தார். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இப்போது நினைவகம். அதன் பிறகு காப்பி. இலைத்துரு நோய் வந்து நிறையத் தோட்டங்கள் அழிந்தன. 1860களில் மலேரியாவுக்கு மருந்து என்று தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனா. ஜாவாவில் டச்சுக்காரர்கள் மலிவாக விளைவித்ததும் அதன் கதை முடிந்தது. அப்புறம் உருளைக்கிழங்கு. அதுதான் ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், சாமையும் ராகியும் விளைந்த நிலத்தை மொத்தமாகப் பிடித்துக்கொண்டது. 1961இல் அந்தப் பயிரில் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. கிழங்கு போட்டவர்களில் ஏராளமானோர் தேயிலைக்கு மாறினார்கள்.

தேயிலைக்கு நல்ல காலமும் இருந்தது. சோவியத் யூனியன் நீலகிரித் தூளை அள்ளிக்கொண்டு போன காலம் அது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்காக 1968இல் அரசே டான்டீ தோட்டங்களைத் தொடங்கியது. சிறு விவசாயிகளின் கூட்டுறவு பேக்டரிகளுக்கு 1965இலேயே இன்ட்கோசர்வ் என்ற கூட்டமைப்பு வந்துவிட்டது. 90களில் விலை ஏறிய சமயம் கட்டிய வீடுகளை இன்றைக்கும் எங்கள் ஊரில் அடையாளம் காட்ட முடியும், மொட்டை மாடியும் மொசைக் தரையுமாக. சோவியத் யூனியன் உடைந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் விலையும் உடைந்தது. அப்போது விழுந்த அடியிலிருந்து சிறு விவசாயி இன்னும் முழுசாக எழுந்திருக்கவில்லை.

பயிரை விடுங்கள், ஆலைக்கும் அதே விதிதான். ஊட்டி இந்து நகரில் 1960இல் வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஒரு காலத்தில் மாவட்டத்தின் பெருமை. தூசியில்லாத குளிர்ந்த காற்று பிலிம் தயாரிக்க ஏற்றது என்று இங்கே கொண்டுவந்தார்கள். டிஜிட்டல் வந்தது, பிலிம் போயிற்று. ஆலையை மூடிவிட்டார்கள். இப்போது அந்த வரிசையில் அறை வாடகை வந்து நிற்கிறது. கொரோனா ஊரடங்கில் காட்டேஜ்கள் எப்படிக் கிடந்தன என்பதை மறந்துவிட்டோம்.

வெளியூர்ச் சந்தையை நம்பாத ஒரு பொருளாதாரமும் இங்கே இருந்தது. தோடர் எருமை வளர்த்து நெய்யும் பாலும் கொடுத்தார்கள். கோத்தர் இரும்புக் கருவியும் பானையும் செய்தார்கள், சாவு வீட்டுக்கு இசையும் அவர்கள்தான். படுகர் தானியம் விளைத்தார்கள். குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொண்டுவந்தார்கள். ரொம்பக் காலம் இதெல்லாம் காசில்லாமல், குடும்பத்துக்குக் குடும்பம் முறைவைத்து நடந்தது. இதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குள் ஏற்றத்தாழ்வும் இருந்தது, குறும்பர்களை மந்திரவாதிகள் என்று பயந்து கொன்ற கொடுமையும் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அந்த முறை தளர்ந்துவிட்டது. தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல விஷயம். ஆனால் பூத்துக்குளி என்கிற அந்தப் பூவேலைப் போர்வை ஒன்றைத் தைக்க ஒரு பெண்ணுக்கு ஆகிற நாட்களை எண்ணிப் பார்த்தால், கடையில் பேரம் பேசுகிறவர்கள் மேல் கோபம்தான் வருகிறது.

நிலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கீழே இருப்பவர்களுக்கு நீலகிரி என்றால் ஒரே குளிர், ஒரே மழை. உண்மையில் இது இரண்டு மழைக்கு நடுவே நிற்கிற மலை. மேற்கே கூடலூர், அவலாஞ்சி பக்கம் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை. கிழக்கே குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கு மழைதான் முக்கியம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 40க்கும் மேற்பட்டவர்கள் மண்சரிவில் போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் அதே அளவு. எந்தப் பக்கச் சரிவானாலும் ஒரு நாள் வானம் உடையும் என்று தெரிந்துதான் இங்கே வாழ வேண்டும். தேயிலைச் செடி எத்தனை குறையுள்ள பயிராக இருந்தாலும், சோலைக்காட்டை அழித்து வந்ததாகவே இருந்தாலும், வேர்விட்டுப் பல பத்தாண்டு நின்று மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. கேரட் காட்டில் ஒவ்வொரு போகத்துக்கும் மண்ணைத் திறக்கிறோம். காட்டேஜுக்கு மலையையே செங்குத்தாக வெட்டுகிறோம். அந்த விதத்தில் இலை விலை என்பது விவசாயி பிரச்சினை மட்டும் இல்லை, மண்சரிவுப் பிரச்சினையும்தான். பேரிடர் மேலாண்மைக் கூட்டங்களில் தேயிலை விலையைப் பற்றியும் பேசினால் என்ன?

கூடலூர், பந்தலூர் கதை வேறு. ஜமீன் மாதிரியான ஜன்மி நிலம், அந்த உரிமையை ஒழித்த 1969 சட்டம், குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய அதன் 17ஆம் பிரிவு, நடுவில் யானை என்று அது தனிச் சிக்கல். அங்கே பட்டா இல்லாததுதான் முதல் பிரச்சினை. அதை இதோடு கலந்து எழுதினால் இரண்டும் கெட்டுவிடும்.

இன்னொரு பாக்கி இருக்கிறது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் கோயம்புத்தூர் மில்கள் பெருகின. பிறகு கனடா உதவியோடு குந்தா திட்டம் வந்தது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று மலை முழுக்க அணை. இப்போது குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம். பவானியும் மாயாறும் சேர்ந்து பவானிசாகரை நிரப்பினால் ஈரோடு மாவட்டத்தில் நெல்லும் மஞ்சளும் விளைகிறது, கீழ்பவானிப் பாசனம் மட்டும் 2 லட்சம் ஏக்கருக்கு மேல். இந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது சோலையும் புல்வெளியும். தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும், செயற்கை இழைக்குக் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வேண்டும் என்று அந்தப் புல்வெளியில் மரம் நட்டதும் கீழே இருக்கும் தொழிலுக்காகத்தான். இப்போது அந்த மரங்களை வெட்டிப் புல்வெளியை மீட்கப் படாதபாடு படுகிறோம். இவ்வளவு கொடுத்த மலைக்குத் திரும்ப வருவது இ-பாஸ் ஸ்கேன் பண்ணுகிற செக்போஸ்ட்டும், 'இயற்கையைக் கெடுக்காதீர்கள்' என்ற அறிவுரையும்.

இ-பாஸுக்கு நான் எதிரி இல்லை. இருக்கட்டும். டிஎன் 43 என்று நீலகிரிப் பதிவு உள்ள எங்கள் வண்டிக்கு அது தேவையும் இல்லை. மலைக்குப் பிளாஸ்டிக் தடை வந்தபோதும் இதே மாதிரிதான் கத்தினார்கள், அப்புறம் பழகிவிட்டது. ஆனால் அதோடு சேர்த்து இலைக்கு உற்பத்திச் செலவுக்குக் குறையாத விலை வேண்டும். அதற்குக் கீழே போனால் அரசு ஈடுகட்டும் என்று எழுத்தில் வேண்டும். கூட்டுறவு பேக்டரிகள் இலையை நசுக்கிக் குருணையாக்கும் மலிவான சிடிசி தூளையே அரைத்துக்கொண்டிருக்காமல், ஆளைப் போட்டு நல்ல கொழுந்து வாங்கி, இலையைச் சுருட்டிப் பழைய முறையில் செய்யும் ஆர்த்தடாக்ஸ் தேயிலையும் போட வேண்டும். டிசம்பர், ஜனவரி பனியில் வருகிற இலையின் வாசனைக்கு வெளிநாட்டில் மரியாதை இருக்கிறது. அந்த மரியாதை ஹட்டிக்காரர் பாக்கெட்டுக்கு வரவில்லை. மின்சார வாரியம் இந்தத் தண்ணீரில் எடுக்கிற வருமானத்தில் ஒரு சின்னப் பங்கு இதற்குப் போதும் என்பது என் கட்சி. 'மின்சாரம் எல்லோருக்கும் பொது' என்பார்கள். சரி, மண்சரிவும் பொதுவா?

ஐஐடியும் ஐஐஎம்மும் இந்த மலை எத்தனை வண்டி தாங்கும் என்று ஆய்வு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எத்தனை ஏக்கர் தேயிலை எந்த வருடம் கட்டடமானது, அந்த வருடம் இலை விலை என்ன என்பதையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். பத்திரப்பதிவு ஆபீஸில் ஒரு பாதி, தேயிலை வாரியத்தில் மறுபாதி இருக்கிறது. ஊட்டி பிங்கர்போஸ்ட்டில் அடுத்து நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு இதையே மனுவாக எழுதிக்கொண்டு போகிறேன். கோத்தகிரி, குந்தா பக்கம் சிறு விவசாயிகள் யாராவது கையெழுத்துப் போடுவதாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், மனுவின் நகலை அனுப்புகிறேன். சர்வே எண்ணும் ஏக்கரும் சரியாகக் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் மனுவை ஓரமாக வைத்துவிடுவார்கள்.